உணர்ச்சியற்ற தேமலை எப்படி வரைவது? – புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களும் மருத்துவ ஓவியமும்

கோட்டோவியர் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். மருத்துவப் பாடநூல்களுக்கும் விழிப்புணர்வுச் சுவரொட்டிகளுக்கும் படம் வரைவது என் தொழில். சில மாதங்களுக்கு முன் ஒரு தொண்டு நிறுவனத்துக்காகத் தொழுநோய் பற்றிய சுவரொட்டி ஒன்றை வரைந்து கொடுத்தேன். மடங்கிப்போன விரல்களையும் உள்ளங்காலில் ஆறாத புண்ணையும் நடுவில் பெரிதாகத் தீட்டியிருந்தேன். கீழ் ஓரத்தில், இடம் மிஞ்சியதால், சிறியதாக ஒரு தேமலையும் போட்டிருந்தேன். உடற்கூறு பிழையின்றி இருந்தது. எல்லோரும் பாராட்டினார்கள்.

பிறகு அந்தச் சுவரொட்டி மாட்டப்பட்டிருந்த ஒரு நலவாழ்வு நிலையத்துக்கு வேறு வேலையாகச் செல்ல நேர்ந்தது. அங்கே காத்திருந்த ஒரு பெண்மணியின் முன்கையில், ஒரு நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வெளிறிய தேமல் இருந்தது. அவர் என் படத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். பின்பு பக்கத்தில் இருந்தவரிடம், "நல்லவேளை, நமக்கு இதெல்லாம் இல்லை" என்று சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பைக் கையின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டார். நான் செவிலியரிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் பெண்மணியை உள்ளே அழைத்துச் சென்று பரிசோதித்தார். முடிவு அவருடைய சொந்த விஷயம் என்பதால் அதை இங்கே எழுதப் போவதில்லை. ஆனால், என் படம் அவரைப் பரிசோதனைக்கு அழைத்து வந்திருக்க வேண்டியது. மாறாக, வீட்டுக்குத் திருப்பி அனுப்பப் பார்த்தது. அந்தக் காட்சி என் மனத்தை விட்டு அகலவில்லை.

இப்போது அதே சுவரொட்டியை மீண்டும் வரையப் போகிறேன். இந்த வரிசையில் மற்ற நோய்களுக்கும் வரைய வேண்டியிருக்கிறது. எதை முதலில் காட்டுவது, புகைப்படம் போதுமா, ஓவியம்தான் வேண்டுமா, தோலின் நிறத்தை எப்படிக் கையாள்வது ஆகியவற்றில் உங்கள் அனுபவத்தைக் கேட்கிறேன்.

---

தோல்மருத்துவம்

தாங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றிய கேள்வி: அந்தச் சிறிய தேமலுக்கு என்ன வண்ணம் கொடுத்தீர்கள்? பெரும்பாலான சுவரொட்டிகளில் அது காகிதத்தின் வெண்மையிலேயே விடப்பட்டிருக்கும். அது தொழுநோய்த் தேமல் ஆகாது, அது வெண்புள்ளி. தொழுநோயில் நிறமி குறைகிறதே தவிர, முற்றிலும் அற்றுப்போவதில்லை. மாநிறத் தோலில் அந்தத் தேமல், சுற்றியுள்ள தோலைவிட ஒன்றிரண்டு படி வெளிறியதாகவோ, செம்பு கலந்த சிவப்பாகவோ இருக்கும். மேற்பரப்பு சில வேளைகளில் உலர்ந்து, வியர்வையின்றி, மயிர் குறைந்து காணப்படும். பால்போல் வெளுத்த ஓர் இடத்தை வரைந்துவிட்டால் இரண்டு தீங்குகள் ஒருங்கே நேர்கின்றன. தொழுநோய் உள்ளவர் தம் தேமலை அதில் அடையாளம் காண்பதில்லை. எவருக்கும் தொற்றாத வெண்புள்ளி உள்ளவரோ அந்தப் படத்தின் பழியைத் தம்மேல் சுமக்கிறார். நம் மொழியிலும் வெண்புள்ளியை 'வெண்குஷ்டம்' என்று அழைத்த ஒரு தவறான வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அந்தச் சொல் செய்த கேட்டை நாம் தூரிகையாலும் செய்யக் கூடாது.

தோலின் நிறம் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 'சிவத்தல்' என்று நாங்கள் பாடத்தில் படித்த அறிகுறி வெளிர்நிறத் தோலை வைத்து எழுதப்பட்டது. அடர்ந்த நிறமுடைய தோலில் அதே அழற்சி ஊதாவாகவோ, சாம்பல் கலந்த பழுப்பாகவோ, சில நேரங்களில் சுற்றுத் தோலைவிடக் கறுத்தோ தெரியும். வெப்பமண்டல நோய்கள் யாரைப் பெரும்பாலும் தாக்குகின்றனவோ அவர்களுடைய தோலில் அந்த நோய் எப்படித் தெரியும் என்பதைக் காட்டும் படங்கள் பாடநூல்களில் மிகக் குறைவு. 2020-ஆம் ஆண்டு லண்டனில் மருத்துவ மாணவராக இருந்த மலோன் முக்வெண்டே, கறுப்பு, பழுப்புத் தோல்களில் நோய்க்குறிகள் எப்படித் தோன்றும் என்பதற்கு ஒரு கையேட்டைத் தம் ஆசிரியர்களோடு சேர்ந்து உருவாக்கினார். அடுத்த ஆண்டின் இறுதியில், நைஜீரியாவைச் சேர்ந்த மருத்துவ ஓவியர் சிடியேபெரே இபே, கருநிறத் தாயின் வயிற்றில் கருநிறச் சிசு இருப்பதை வரைந்த படம் உலகெங்கும் பரவியது. தம்மைப் போன்ற ஒரு குழந்தையை மருத்துவப் படத்தில் அதுவரை கண்டதே இல்லை என்று பலர் எழுதினார்கள். மிக எளிய ஒரு படத்துக்கு அத்தனை பெரிய வரவேற்பு கிடைத்தது என்றால், அந்த இடம் எவ்வளவு காலம் வெறுமையாகக் கிடந்திருக்கிறது என்று பாருங்கள்.

மேலும் ஓர் எச்சரிக்கை. காலா அசார் எனப்படும் கருங்காய்ச்சல் குணமான பிறகு, சிலருக்கு மாதங்களோ ஆண்டுகளோ கழித்து உடலில் வெளிறிய புள்ளிகள் தோன்றும். பார்வைக்குத் தொழுநோயின் ஒரு வகையைப் போலவே இருக்கும். ஆனால் தொழுநோய்த் தேமலில் தொடுவுணர்ச்சி குறையும்; இந்தப் புள்ளிகளில் குறைவதில்லை. ஆகவே, நிறத்தை எவ்வளவு திறமையாகத் தீட்டினாலும், அதை மட்டும் வைத்துப் பார்ப்பவர் முடிவுக்கு வர முடியாது. தொடுவுணர்ச்சியைத்தான் படத்தில் கொண்டுவர வேண்டும். அது எப்படி என்பது எனக்குத் தெரியவில்லை. ஓவியர்கள்தாம் சொல்ல வேண்டும்.

---

களச்செவிலி

உணர்ச்சியின்மையை வரைய முடியும் ஐயா. நாங்கள் பரிசோதிக்கும் முறையையே வரைந்தால் போதும்.

முதலில் பஞ்சை முனை வருமாறு மெல்லத் திரித்துக்கொள்வோம். நோயாளியின் கண்முன் நல்ல தோலில் ஒருமுறை தொட்டுக் காட்டி, எந்த இடத்தில் தொட்டேனோ அங்கே விரலை வையுங்கள் என்று சொல்லிப் பழக்குவோம். பின்பு கண்களை மூடச் சொல்வோம். நல்ல தோலில் தொட்டால் விரல் உடனே அந்த இடத்துக்கு வந்துவிடும். தேமலின் நடுவில் தொட்டால் விரல் வராது. அவர் காத்துக்கொண்டே இருப்பார், "தொடுங்கள்" என்பார், நாங்கள் முன்பே தொட்டிருப்போம். அந்தக் கணத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு நெஞ்சு கனக்கும்.

இதை இரண்டு கட்டங்களாக வரையலாம். முதல் கட்டத்தில் மூடிய கண்கள், நல்ல தோலில் பஞ்சு, அதே இடத்தில் மறுகையின் சுட்டுவிரல். இரண்டாவதில் அதே முகம், அதே கை, பஞ்சு தேமலின்மேல், மறுகை மடியிலேயே கிடக்கிறது. எழுத்து வேண்டியதில்லை. ஒரே ஒரு வேண்டுகோள்: இரண்டு கட்டங்களிலும் ஒரே ஆள்தான் என்பது உடையிலும் தலைமுடியிலும் ஐயத்துக்கு இடமின்றித் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் நோயில்லாதவர் ஒருவர், நோயுள்ளவர் ஒருவர் என்று புரிந்துகொள்வார்கள்.

'செய்யாதே' என்பதற்குச் சிவப்புப் பெருக்கல் குறி போடும் வழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாம்புக்கடி 2017-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆண்டுக்கு 81,000 முதல் 1,38,000 பேர்வரை அதனால் இறப்பதாக மதிப்பிடுகிறார்கள். நான் பயன்படுத்திய ஒரு முதலுதவிப் படத்தில், கடிபட்ட காலை இறுகக் கட்டும் காட்சியை மிகத் தெளிவாக வரைந்து, அதன்மேல் சிவப்புக் குறி போட்டிருந்தார்கள். கூட்டம் முடிந்து ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பலருக்கு நினைவில் நின்றது இறுகக் கட்டும் காட்சிதான், குறி மறந்துபோயிருந்தது. அன்றுமுதல், செய்ய வேண்டியதை மட்டுமே காட்டும் படங்களைக் கேட்டு வாங்குகிறேன்: கடிபட்ட உறுப்பை அசையாமல் சட்டம் வைத்துத் தாங்கி, ஆளைப் படுக்கவைத்துத் தூக்கிச் செல்லும் காட்சி.

---

ஒட்டுண்ணியியல்

செவிலியரின் பதிவுக்கு என் நன்றி. நான் கற்பிக்கும் துறையிலிருந்து ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

நம் மொழியில் இந்த நோய்களுக்கு இருக்கும் பெயர்களே படங்கள்தாம் என்பதை ஓவியர்கள் கவனிக்க வேண்டும். 'யானைக்கால்' என்ற சொல்லைக் கேட்டவுடன் நோயின் கடைசிக் கட்டம் மனக்கண்ணில் வந்து நிற்கிறது. ஆண்டுக்கணக்கில் எந்தக் குறியும் இன்றி, இரத்தத்தில் நுண்புழுக்களைச் சுமந்துகொண்டு நடமாடும் மனிதர் அந்தச் சொல்லில் இல்லை. அவருக்குத்தான் மாத்திரை கொடுக்க வேண்டியிருக்கிறது. எனக்கு ஏன் மாத்திரை, என் கால் நன்றாகத்தானே இருக்கிறது என்று அவர் கேட்பதற்கு அந்தச் சொல்லே காரணம். 'நரம்புச் சிலந்தி' இன்னும் விநோதமானது. அது நரம்புமில்லை, சிலந்தியுமில்லை. ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம் வளரக்கூடிய கினிப்புழு. சொல் வரைந்துவைத்த படத்தின்மேல்தான் நாம் நம்முடைய படத்தை வரைகிறோம்.

கினிப்புழுவைப் பற்றிச் சற்று நிறுத்திச் சொல்கிறேன், ஏனெனில் படங்களால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு என் பதில் அதுதான். 1986-இல் சுமார் 35 லட்சம் பேருக்கு இந்நோய் இருந்ததாக மதிப்பிடப்பட்டது. 2023-இல் மனிதர்களிடம் பதிவானவை 14. இதற்குத் தடுப்பூசி கிடையாது. புழுவைக் கொல்லும் மருந்தும் கிடையாது. துணியால் நீரை வடிகட்டுவது, புழு வெளிவரும் புண்ணோடு குளத்தில் இறங்காமல் இருப்பது, நீர்நிலைகளில் மருந்திடுவது, இவற்றை வீடுவீடாகச் சென்று எடுத்துச் சொல்வது: இவ்வளவுதான் கருவிகள். நீரைக் குடித்து ஏறத்தாழ ஓராண்டு கழித்தே புழு தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. ஓராண்டுக்கு முன் குடித்த ஒரு மடக்கு நீருக்கும் இன்றைய எரிச்சலுக்கும் உள்ள தொடர்பை வேறு எப்படி விளங்கவைப்பது? அந்த ஓராண்டைக் காட்டும் வேலை படத்தினுடையது.

ஆனால் பாடநூலில் நாம் வரையும் வாழ்க்கைச் சுழற்சி வட்டம் அதற்கு உதவாது. அம்புக்குறிகள் சுற்றிச் சுற்றி வரும் அந்த வட்டம் மாணவருக்குப் பழகியது. பழகாதவருக்கு அதில் தொடக்கமும் இல்லை, தம் வீடும் இல்லை. புழுவின் வாழ்க்கையை விட்டுவிட்டு, ஒரு மனிதரின் ஓராண்டை இடமிருந்து வலமாக வரையுங்கள். இன்னொன்று, உருப்பெருக்கம். கினிப்புழுவின் இளம்புழுவைச் சுமக்கும் சைக்ளோப்ஸ் என்னும் நீருயிரி ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் அளவுடையது. அதை நண்டளவு வரைந்தால், எங்கள் நீரில் இப்படி ஒன்றும் இல்லையே என்பார்கள். அப்படிச் சொல்வது நியாயமும்கூட. நான் முதலில், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்த ஒரு கண்ணாடிக் குவளையையும் அதனுள் துள்ளும் சிறு புள்ளிகளையும் உண்மையான அளவிலேயே வரையச் சொல்வேன். அடுத்த கட்டத்தில் அதே குவளைமேல் ஒரு கை உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பிடித்திருக்க, அதனுள் மட்டும் பெரிதாகக் காட்டலாம்.

---

எதிர்வாதி

மன்னிக்க வேண்டும், நான் மாறுபடுகிறேன். நோமா என்ற நோய், பெரும்பாலும் 2 முதல் 6 வயதுக் குழந்தைகளின் முகத்தை அரித்துத் தின்பது, 2023 டிசம்பரில்தான் பட்டியலில் இடம்பெற்றது. சிகிச்சை இல்லாவிட்டால் பாதிக்கப்பட்டவர்களில் 90 விழுக்காடுவரை இறக்கக்கூடிய ஒரு நோய்க்கு இவ்வளவு காலம் எவரும் கவனம் செலுத்தவில்லை. மென்மையான படங்களால் நிதி கொடுப்பவரின் மனம் அசையாது. புறக்கணிக்கப்பட்ட நோய் என்பதே, பார்க்க மறுக்கப்பட்ட நோய் என்பதுதானே? அந்த முகங்களைக் காட்டாமல் மறைப்பதும் புறக்கணிப்பின் தொடர்ச்சி என்றே எனக்குப் படுகிறது.

---

தோல்மருத்துவம்

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. அதில் பாதி என்னுடையதும்கூட. ஆனால் நிதி கொடுப்பவருக்குக் காட்டும் படமும் தாய்க்குக் காட்டும் படமும் ஒன்றாக இருக்க முடியாது. நோமா ஈறு வீங்கி இரத்தம் கசிவதில் தொடங்குகிறது. அந்தக் கட்டத்தில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும், வாயைத் தூய்மையாக வைத்திருப்பதும், நல்ல ஊட்டமும் கிடைத்தால் குழந்தையின் முகமே தப்பிவிடும். தாய் பார்க்க வேண்டியது உதட்டை விரலால் தூக்கிப் பார்க்கும் காட்சியும், அந்த ஈறின் நிறமும். அரிக்கப்பட்ட கன்னத்தை அவருக்குக் காட்டினால், சுவரொட்டி முன் அந்தப் பெண்மணி சொன்னதைத்தான் அவரும் சொல்வார்.

---

பழஞ்சுவடி

இந்தத் தலைப்பில் ஹென்றி வேன்டைக் கார்ட்டரை நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. 1858-இல் வெளிவந்து இன்றும் பெயர் சொல்லப்படும் கிரேயின் உடற்கூற்றியல் நூலுக்குப் படங்கள் அனைத்தையும் வரைந்தவர் அவர். நூல் கிரேயின் பெயரால் வழங்குகிறது. வரைந்தவரின் பெயர் பலருக்குத் தெரியாது. நூல் வெளிவந்த அதே ஆண்டில் அவர் மருத்துவராகப் பம்பாய்க்கு வந்துவிட்டார். அங்கே அவர் ஆராய்ந்த நோய்களுள் ஒன்று 'மதுரைக்கால்'. 1842-இல் மதுரையில் ஜான் கில் என்ற மருத்துவர் பதிவுசெய்ததால் அந்த ஊரின் பெயர் அந்நோயோடு ஒட்டிக்கொண்டது. பாதம் வலியின்றி வீங்கி, பல துளைகள் விழுந்து, அவற்றின்வழி சிறுசிறு குருணைகள் வெளிவரும். அது பூஞ்சையால் வருவது என்று நிறுவி, மைசெட்டோமா என்று பெயரிட்டு, தாமே வரைந்த வண்ணப் படங்களோடு 1874-இல் ஒரு நூலாகவே வெளியிட்டார் கார்ட்டர். ஆக, இந்தப் பட்டியலில் உள்ள ஒரு நோயை மருத்துவ உலகம் தெளிவாக அறிந்துகொண்டது ஒரு மருத்துவ ஓவியரின் கண்வழியாகத்தான். குருணைகளின் நிறத்தை அவர் கவனமாகப் பிரித்துக் காட்டினார். கறுத்த குருணை என்றால் அது பூஞ்சை வகை. சிவப்பு என்றால் பாக்டீரியா வகை. வெள்ளையோ மஞ்சளோ இரண்டிலும் வரலாம். சிகிச்சையே அதனால் மாறுகிறது. ஆயினும் அந்நோய் உலகச் சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் ஏற 2016-ஆம் ஆண்டு ஆயிற்று.

முகத்தைக் காட்டுவது பற்றிய விவாதத்துக்கும் ஒரு முன்னோடி உண்டு. 1847-இல் நார்வேயின் பெர்கன் நகரில் டேனியல்சன், போக் என்ற மருத்துவர்கள் தொழுநோய் பற்றி வெளியிட்ட நூலுக்கான படத்தொகுப்பை யோஹான் லுட்விக் லாஸ்டிங் என்ற ஓவியர் வரைந்தார். தொழுநோய்க் கிருமியை ஹான்சன் என்ற நார்வே மருத்துவர் கண்டறிந்தது 1873-இல். அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே இந்தப் படங்கள் நோயை மற்றத் தோல்நோய்களிலிருந்து பிரித்துக் காட்டிவிட்டன. அவற்றில் இருப்போர் பெயரற்ற உருவங்களாகத் தோன்றுவதில்லை. ஒவ்வொருவரும் நம்மைப் பார்க்கும் ஒரு மனிதராக இருக்கிறார். எதிர்வாதி அவர்கள் வேண்டும் கண்ணியமும் உண்மையும் ஒரே படத்தில் கூடும் என்பதற்கு அதை நான் சான்றாகக் காட்டுவேன். எனினும், அவர்களிடம் ஒப்புதல் கேட்கப்பட்டதா என்ற கேள்வி அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எழுகிறது. ஓவியத்துக்கு இருக்கும் பெரிய வாய்ப்பு அதுதான்: நோய்க்குறியை ஒருவரிடமிருந்து எடுத்துக்கொண்டு, முகத்தை எவரிடமிருந்தும் எடுக்காமல் வரையலாம்.

---

எதிர்வாதி

இரண்டு வகைப் பார்வையாளர்களை ஒன்றாகக் குழப்பிவிட்டேன் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். கார்ட்டர் பற்றி எனக்குத் தெரியாது, மிக்க நன்றி.

---

அச்சுவேலை

சுருக்கமாக இரண்டு செய்திகள். அச்சில் இடைப்பட்ட நிறங்கள், திரையில் தெரிவதைவிட அடர்த்தியாக விழும். மாநிறத் தோலும் அதைவிட ஒருபடி வெளிறிய தேமலும் மலிவான தாளில் ஒன்றோடொன்று கலந்துவிடும். எனவே இறுதிக் கோப்பைத் தருவதற்கு முன், எந்தத் தாளில் அச்சாகப் போகிறதோ அதே தாளில் ஒரு மாதிரிப் படி எடுத்துப் பாருங்கள். அடுத்து, உங்கள் வண்ணச் சுவரொட்டி கட்டாயம் கறுப்பு வெள்ளையில் நகலெடுக்கப்படும், அந்த நகலும் மீண்டும் நகலெடுக்கப்படும். நீர்வண்ணப் பூச்சு மூன்றாம் நகலில் கருந்திட்டாகிவிடும். புள்ளியிட்டு நிழல் காட்டிய கோட்டோவியம் தாங்கும்: தோல் முழுவதும் புள்ளிகள், தேமலில் மட்டும் புள்ளிகள் தள்ளித்தள்ளி. ஒரே படத்துக்கு இரண்டு மூலங்கள் வரைந்துகொடுப்பது கூடுதல் வேலைதான், ஆனாலும் வேண்டும்.

---

ஒட்டுண்ணியியல்

புகைப்படமா ஓவியமா என்ற கேள்வி பதிலின்றி நிற்கிறதே. பரிசோதிப்பவருக்குப் பயிற்சி தரப் பல இடங்களில் புகைப்படமே சிறந்தது. டிரக்கோமா என்னும் கண்நோய்க்கு 1987-இல் வகுக்கப்பட்ட எளிய தர அளவீட்டில், மேலிமையைத் திருப்பிப் பார்த்து, குறைந்தது அரை மில்லிமீட்டர் அளவுள்ள நுண்முடிச்சுகள் ஐந்தோ அதற்கு மேலோ உள்ளனவா என்று எண்ண வேண்டும். அதற்கு உண்மையான இமையின் படம்தான் வேண்டும்; ஓவியர் அழகாக்கிய இமை ஏமாற்றிவிடும். ஆனால் காலத்தையும் தொடுவுணர்ச்சியையும் தோலுக்கு உள்ளே நடப்பதையும் புகைப்படத்தால் காட்ட இயலாது.

படம் என்றால் தாளில் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஆற்றுக்குருடு நோய்க்கு ஐவர்மெக்டின் மாத்திரை கொடுப்பவர்கள் ஓர் அளவுகோல் கழியை எடுத்துச் செல்கிறார்கள். எடை பார்க்கும் கருவி வேண்டாம். ஆள் கழியருகே நின்றால், உச்சந்தலை எந்தப் பட்டையில் படுகிறதோ அத்தனை மாத்திரை. 90 செ.மீ.-க்குக் கீழே என்றால் மாத்திரை இல்லை, 159 செ.மீ.-ஓ அதற்கு மேலோ என்றால் நான்கு. நான் கண்ட மருத்துவ வரைபடங்களிலேயே மிகச் சிக்கனமானது அந்தக் கழிதான்.

---

கோட்டோவியர்

அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. மூன்று வாரங்களாக இதே வேலையாக இருந்தேன். புதிய சுவரொட்டியில் மடங்கிய விரல்கள் இல்லை. மேலே முக்கால் பங்கு இடத்தில் ஒரு முன்கை. பழுப்பு, செங்காவி, சிறிது நீலம் கலந்து ஆறு மெல்லிய பூச்சுகளில் தோலைக் கட்டினேன், தேமலில் நான்கு பூச்சுகளோடு நிறுத்தினேன். விளிம்பைக் கத்தரித்தாற்போல் விடாமல் ஈரத்தூரிகையால் சற்றே கரைத்தேன். அதன் கீழே பஞ்சுப் பரிசோதனையின் இரண்டு கட்டங்கள். கடைசியில், மாத்திரை அட்டையைக் கையில் வைத்திருக்கும் அதே ஆள், வழக்கமான தம் வேலையில், மற்றவர்களோடு. சிகிச்சை 6 அல்லது 12 மாதங்கள் என்பதை நாள்காட்டித் தாள்களாகக் காட்டியிருக்கிறேன். நகலெடுப்பதற்காகப் புள்ளி ஓவியம் தனியாக உள்ளது.

சுவரொட்டியை எழுத்தின்றி பன்னிரண்டு பேரிடம் தனித்தனியே காட்டி, என்ன தெரிகிறது என்று மட்டும் கேட்டேன். ஒன்பது பேர், அந்த இடத்தில் உணர்வு இல்லை என்பதைத் தாங்களாகவே சொன்னார்கள். மூன்று பேர், கண் மூடியிருப்பதைப் பார்த்து ஆள் உறங்குகிறார் என்றார்கள்.

---

களச்செவிலி

உறங்குகிறார் என்று தோன்றாமலிருக்க, அவரை நிமிர்ந்து உட்காரவையுங்கள்; முகத்தைச் சற்றே பஞ்சு இருக்கும் பக்கம் திருப்பி, புருவத்தில் கவனித்துக் கேட்பதுபோல ஒரு சிறு இறுக்கம் கொடுங்கள். எங்கள் முன் அமர்பவர்கள் அப்படித்தான் இருப்பார்கள். அடுத்த மாதிரிப் படி தயாரானதும் எனக்கு ஒன்று அனுப்பிவையுங்கள். நானும் காத்திருப்போரிடம் காட்டிக் கேட்டுச் சொல்கிறேன்.